சூடம் காட்டிய லெப்டொப்

எங்கள் வீட்டுக்கு லெப்டொப் வந்த அன்று அதை முதலில் சாமி தட்டில்தான் வைத்தோம். என் மைத்துனர் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது மகளுக்கென்று கொண்டுவந்தது. மனைவி அதன் மூடியில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். "ஓரத்துல வைக்காதீங்கம்மா, நடுவுல வைங்க, திறக்கிறப்ப விரல்ல ஒட்டும்" என்று மகள் சொன்னாள். மனைவி கேட்கவில்லை. பிறகு எத்தனை முறை துடைத்தும் அந்தச் சிவப்பு முழுதாகப் போகவில்லை.

அப்போது நாங்கள் ரத்தோட்டைப் பக்கம், பஸ் போகிற பாதைக்குக் கொஞ்சம் மேலே குடியிருந்தோம். பிறந்து வளர்ந்தது எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிய வீடுகளில் ஒன்றில். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிளகும் கராம்பும் வாங்கிக் காயவைக்கிற ஒரு கடையில் தராசில் நின்றேன். வடக்கில் சண்டை உச்சத்துக்கு வந்திருந்த காலம். மாத்தளை டவுனுக்குப் போவதென்றால் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவோம்.

மகள் மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் தங்கள் சிறுசுகளை விட்டுப் போகிற இடம். அவளுடைய வேலை நிரந்தரமில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் டிப்ளோமா வேண்டும். அதற்காக மாத்தளையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமைகளில் படித்தாள். படிப்பின் கடைசியில் ஒரு ஒப்படை. மடுவத்துப் பிள்ளைகளில் சிலரை மாதக்கணக்கில் கவனித்து, எப்படிப் பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள், யாரோடு சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றெல்லாம் எழுதி, டைப் செய்து, குறித்த நாளில் கொடுக்க வேண்டும். அந்த நாள் தவறினால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். நான் தினமும் விளக்கேற்றும்போது முருகனிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதி முடித்த நேரத்தில் லெப்டொப்பில் வைரஸ் புகுந்துவிட்டது. திறந்தால் அரை மணி நேரம் முக்கும். தானாக அணையும். டவுனில் யாரோ கொடுத்த பென் டிரைவில் வந்தது என்று மகள் சொன்னாள்.

இந்த இடத்தில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. நாலு வீடு தள்ளி இருந்தவன், என்னைவிட வயதில் இளையவன். வயரிங் வேலை செய்வான். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுவான். ஆனால் ஊரில் அவனுக்கு மரியாதை அதனால் வந்ததில்லை. திருவிழாவில் காவடி எடுக்கிறவர்களுக்கு அலகு குத்துவது அவன்தான். அவன் குத்தினால் ஒரு சொட்டு இரத்தம் வராது. என் முதுகில் குத்தியிருக்கிறான். குத்தியது தெரியாமல், "எப்ப தம்பி குத்துவ?" என்று கேட்டவன் நான். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குக் கால் நடுவதா, புதுக் கடையில் முதல் வியாபாரமா, கூப்பிடு அவனை என்பார்கள். கைராசிக்காரன். என் மனைவிக்கு அவன் மேல் சொந்தத் தம்பியைவிடப் பிரியம். மகள் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

அவனுக்கு லெப்டொப் விஷயமும் கொஞ்சம் தெரியும். ஏதோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சீடி ஒன்றை எடுத்து வந்தான்.

"இது லினக்ஸ் அண்ணே. வைரஸ் கிட்டவே வராது. காசும் இல்ல."

"இதுல ஏற்கெனவே இருக்கிறது அழிஞ்சுறாதா?" என்று கேட்டேன்.

"என் கையில என்னைக்காவது எதாவது அழிஞ்சிருக்கா?" என்றான்.

அது உண்மைதான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராகு காலம் கழியட்டும் என்று மனைவி சொல்ல, அதுவரை தேத்தண்ணீர் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். கையடக்கமான ஒரு கறுப்பு டிஸ்க்கைக் கொண்டுவந்திருந்தான். மகளுடைய பைல்களை அதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் பயமில்லை என்று சொல்லி லெப்டொப்பின் பக்கவாட்டில் வயரால் சொருகினான். சீடி சுற்றியது. ஆங்கிலத்தில் கேள்வி கேள்வியாக வந்தது. இவன் அமுக்கிக்கொண்டே போனான். பிறகு புதுசாக ஒரு திரை வந்தது. மகள் அதில் தமிழில் என் பெயரை அடித்துக் காட்டினாள். மனைவி கையைக் கூப்பினாள். தம்பி டிஸ்க்கைக் கழற்றி வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வேலை முடிந்து வந்து மகள் லெப்டொப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. மேலே இடது மூலையில் வெள்ளையாக ஒரு வரி. எரர் இருபத்தொன்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டாள். அதே வரி. பற்றரியைக் கழற்றி மாட்டினாள். அதே வரி. சீடியைப் போட்டால் மட்டும் ஏதோ வந்தது, ஆனால் அவள் எழுதிய எதையும் அதில் காணவில்லை. மடுவத்திலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான் போய்த் தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "பாப்போம்" என்று டிஸ்க்கைச் சொருகி, அணைத்துப் போட்டான். சும்மா கிடந்த சாமான் சட்டென்று உயிர் பெற்று, நேற்றுப் பார்த்த அதே திரை வந்தது. மகள் எழுதிய பைல்கள் எல்லாம் அதில் இருந்தன.

மனைவி அந்த நேரம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சாமிக்குக் காட்டிய சூடத்தை அப்படியே எடுத்து வந்து லெப்டொப்புக்குக் காட்டினாள். பிறகு அவனுக்கு முன்னால் தட்டை நீட்டினாள். "எடுத்துக்கங்க தம்பி. ஒங்க கை பட்டாத்தான் இதுக்கு உசுரு வருது" என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்தது போல வாயைத் திறந்தான். பிறகு சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தி நேரத்தில் அவன் வருவான். வந்ததும் டிஸ்க்கைச் சொருகிப் போடுவான். லெப்டொப் வேலை செய்யும். மகள் எழுதுவாள். அவன் வாசல் கதிரையில் உட்கார்ந்து என்னோடு கோயில் கதை, சண்டைக் கதை, மிளகு விலை எல்லாம் பேசுவான். மனைவி சுண்டல் அவித்தால் முதல் பங்கு அவனுக்கு. எழுதி முடிந்ததும் தானே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போவான். "நான் இல்லாம போடாதீங்க, கெட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒரு நாள் அவன் இல்லாமல் மகள் போட்டுப் பார்த்தாள். எரர் இருபத்தொன்று. அவன் வந்து தொட்டான். திறந்தது.

நான் கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. கோயிலிலும் சொன்னேன். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "அந்தக் கைக்கு அப்படித்தான்" என்றார்கள். ஒருவர் ஓடாத ரேடியோவைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தார். அதுவும் ஓடியது. வயர் அறுந்திருந்ததாம்.

மகள் மட்டும் ஒரு முறை கேட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சித்தப்பா, ஒரு நாள் அந்த டிஸ்க்க சொருகாம போட்டுப் பாப்போமா?"

"எதுக்குப் புள்ள?"

"இல்ல, அது இருக்கிறதாலதான் வேல செய்யுதோன்னு."

அவன் சிரித்தான். "அது வெறும் பிரதி எடுக்கிற பெட்டி. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்? ஒப்பட முடியிற நேரத்துல இதக் கழட்டி, அதக் கழட்டி வெளையாடாத."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னான். அவளும் விட்டுவிட்டாள். ஒப்படை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

கடைசிப் பிள்ளையைப் பற்றியும் எழுதி முடித்தாள். யாரோடும் பேசாத ஒரு பெண்பிள்ளை, வாசலில் கட்டிய நாயோடு மட்டும் பேசுமாம். அதை அவள் வாசித்துக் காட்டியபோது தம்பியும் இருந்தான். "நல்லா எழுதியிருக்க புள்ள" என்றான். நாளைக்கு டவுனுக்குக் கொண்டுபோய் அச்செடுப்பது என்று பேசிக்கொண்டோம். கொடுக்க வேண்டிய கடைசி நாள் மறுநாள்கூட இல்லை. அதற்கு அடுத்த நாள். ஒரு நாள் கையில் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

மறுநாள் காலையில் அவனைக் காணவில்லை. கலேவெலவில் ஒரு கோயில் விசேஷத்துக்கு மைக் செட் கொண்டுபோயிருக்கிறான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள். போனில் பிடித்தேன்.

"திடீருன்னு கூப்பிட்டாங்க அண்ணே. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

"நாளைக்குக் குடுக்கணும் தம்பி. தெரியுமே ஒனக்கு."

"நான் வந்து பாத்தாத்தான் சரி. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

"டவுன்ல யாருகிட்டயாவது காட்டட்டுமா?"

"ஐயோ, வேற கை பட்டா முழுசாக் கெட்டுரும்." பிறகு சொன்னான்: "சாமி தட்டுல வச்சு ஒரு பூச போடுங்க அண்ணே. போட்டுட்டு நாளைக்குக் காலையில தொறந்து பாருங்க. என்னய நெனச்சுக்கிட்டுத் தொறங்க."

நாங்கள் பூசை போட்டோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாமியிடம் கேட்பதற்கு என்ன வெட்கம். மனைவி அன்று முழுதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தேங்காய் உடைத்து, பழம் வைத்து, லெப்டொப்பை மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தோம். காலையில் குளித்துவிட்டு மகள் திறந்தாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் திரையைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் அந்த ஒரு வரி எனக்குப் பழகிப்போன வரி.

மகள் லெப்டொப்பை அதே மஞ்சள் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். "டவுனுக்குப் போவோம்பா. யாராவது பாப்பாங்க" என்றாள். நான் கடைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

டவுனுக்குள் நுழைகிற இடத்தில் அப்போது ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எல்லோரும் இறங்கி, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டிவிட்டு, அந்தப் பக்கம் நடந்து போய்த் திரும்ப ஏற வேண்டும். பெண்கள் வரிசையில் ஒரு பெண் சிப்பாய் மகளின் பையைத் திறந்தாள். லெப்டொப்பை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒன் கரன்ன" என்றாள். போட்டுக் காட்டு என்று.

அந்த நாட்களில் அது வழக்கம். போட்டுக் காட்டினால் அது லெப்டொப். போட்டால் வேலை செய்யவில்லை என்றால் அது என்னவென்று யாருக்குத் தெரியும்? மகள் பட்டனை அமுக்கினாள். கறுப்புத் திரை, வெள்ளையாக ஒரு வரி, ஒரு எண். அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கூப்பிட்ட குரலுக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

நான் ஆண்கள் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மெல்ல நடந்து போய், கையைத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, சிங்களத்தில் சொன்னேன். மஹத்தயா, இது என் மகள், மடுவத்தில் பிள்ளை பார்க்கிறாள், இது பழுதான சாமான், திருத்தக் கொண்டுபோகிறோம். எந்தக் கடைக்கு என்று கேட்டார்கள். எனக்கு ஒரு கடையின் பெயரும் தெரியாது. பழுதான சாமானை இவ்வளவு பத்திரமாக மஞ்சள் துணியில் ஏன் சுற்றியிருக்கிறது என்று கேட்டார்கள். பூசையில் வைத்தது என்றேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். லெப்டொப்புக்கா என்று கேட்டார்.

எங்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்கள். எங்கள் பஸ் போய்விட்டது. அவர்கள் யாரும் எங்களை அடிக்கவோ திட்டவோ இல்லை. மேலதிகாரி வரும் வரை இருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். லெப்டொப் தூரத்தில் மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. மகள் கை இரண்டையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகளை அந்த நாட்களில் எங்கெங்கே கொண்டுபோனார்கள், யார் யார் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். முருகா, ஒப்படை போனால் போகட்டும், பிள்ளையைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அதுவரைக்கும் அந்த ஒப்படையைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை.

அதிகாரி வந்தார். வயதானவர். லெப்டொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பற்றரியைக் கழற்றிப் பார்த்தார், மூடியில் இருந்த குங்குமக் கறையைப் பார்த்தார். மகளிடம் தணிந்த குரலில், மடுவத்தில் என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். அவள் பதில் சொன்னாள். "யன்ன" என்றார். போகலாம்.

டவுனில் கேட்டுக் கேட்டு ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். ஒரு முஸ்லிம் மனிதர் நடத்தினார், என் வயதிருக்கும். லெப்டொப்பைப் போட்டார். அந்த வரியைப் பார்த்தார்.

"போடுறப்ப வெளியில ஏதாவது டிஸ்க் சொருகியிருந்திச்சா மகள்?"

"ஆமா" என்றாள்.

"அந்த டிஸ்க் எங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். அவர் எனக்காகப் பொறுமையாகச் சொன்னார். "இதுக்குள்ள லினக்ஸே இல்ல. அது முழுசா அந்த டிஸ்க்கிலதான் இருக்கு. ஒங்கட பழைய விண்டோஸ் உள்ள அப்பிடியே கெடக்கு. ஆரம்பிக்கிற எடத்துல மட்டும், போய் அந்த டிஸ்க்கப் பாருன்னு எழுதியிருக்கு. டிஸ்க் இல்லாட்டி இது எங்க போய்ப் பாக்கும்? அதான் நின்டுடுது. அதச் சொருகினா யாரு போட்டாலும் வேல செய்யும்."

"யார் போட்டாலுமா?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ள போட்டாலும்" என்றார்.

அந்த மனிதர் ஒரு சீடியைப் போட்டுப் பழைய விண்டோஸை அப்போதைக்கு எழுப்பிக் காட்டினார். மெதுவாக, முக்கி முனகி வந்தது. அதில் முதல் இரண்டு பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மிச்சம் எல்லாம் தம்பியின் பையில், கலேவெலவில்.

நிலையம் மூடுவதற்குள் ஓடினோம். பொறுப்பாக இருந்த அம்மணி கெட்டவர் இல்லை. ஆனால் களைத்திருந்தார். "கடைசி நாள்ல எல்லாரும் கம்பியூட்டர் பழுதுன்னுதான் வர்றாங்க. நான் எப்படி நம்புறது?" என்றார். மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் யோசித்தார். "நாளைக்கு மத்தியானம் எல்லாத்தையும் கண்டிக்கு அனுப்புறேன். அதுக்கு முந்தி ஒப்படையோட, இதச் செஞ்ச ஆளையும் கூட்டிட்டு வாங்க. அவர் வாயால சொல்லட்டும். சொன்னா நான் மேல பேசிச் சேர்த்துக்குறேன். ஆள் இல்லாம வந்தா அடுத்த வருசம்தான்."

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். கோபப்படவில்லை. "டிஸ்க்க எடுத்துக்கிட்டு இன்னைக்கே வா" என்று மட்டும் சொன்னேன். "சரி அண்ணே" என்றான். ரெண்டு நாளாகும் என்றவன் அந்தி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நின்றான்.

வாசலிலேயே டிஸ்க்கை மகளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளே சொருகினாள், அவளே போட்டாள். திறந்தது. ஒவ்வொரு பைலாகத் திறந்து பார்த்து, அன்று டவுனில் வாங்கி வந்த பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். நானும் அவனும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணீர் வரவில்லை.

"எப்ப தம்பி ஒனக்குத் தெரியும்?"

"மொதல்ல சத்தியமாத் தெரியாது அண்ணே. புள்ளையோட பைல் அழிஞ்சிருமோன்னு பயந்து, டிஸ்க்கில காலியா இருந்த எடத்தப் பாத்து அமுக்கிட்டேன். மறுநா சொருகின ஒடனே புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அண்ணி சூடம் காட்டிட்டாங்க." தலையைக் குனிந்தான். "சூடம் காட்டுன பெறகு எப்படி அண்ணே சொல்றது? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு போயிருச்சு. நீங்களும் ஊரு முழுக்கச் சொல்லிட்டீங்க."

அவன் பொய் சொல்லவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று அவன் வாயைத் திறந்ததை நானே பார்த்தேன். ஆனாலும் அவன் அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. தப்புச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தராசில் கல் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் என் வீட்டுச் சூடத்தின் பின்னால் ஒளிந்துகொண்டதில்லை. இவன் என் மனைவியின் பக்தியை எடுத்துத் தனக்கு மறைப்பாகக் கட்டிக்கொண்டான்.

"சரி. புள்ள கேட்டுச்சே, டிஸ்க்காலயான்னு. அப்ப யாரும் சூடம் காட்டல. என்னா சொன்ன?"

அவன் தோள் பையின் வாரைத் திருகினான்.

"நேத்துப் போன்ல கேட்டேனே. டிஸ்க்க பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பியிருந்தா அந்திக்குள்ள வந்திருக்கும். ஊருல எல்லாச் சாமானும் அப்படித்தானே வருது. பூச போடுன்னு சொன்னியே தம்பி. அவ பச்சத் தண்ணி குடிக்கல. பச்சத் தண்ணி."

அவன் அழுதுவிட்டான். என் கையைப் பிடிக்க வந்தான். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

மகள் உள்ளேயிருந்து வந்து டிஸ்க்கையும் வயரையும் அவனிடம் நீட்டினாள். சாவடியில் நடந்ததை அவள்தான் சொன்னாள். ஏசவில்லை. மரத்தடியில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான் என்று சொன்னாள். அவன் முகம் வெளுத்துப் போனது. அம்மணி சொன்னதையும் சொன்னாள்.

"நாளைக்கு வர்றேன் புள்ள. நானே வந்து என் தப்புதான்னு சொல்றேன்."

"காலையில மொத பஸ் சித்தப்பா. அச்செடுக்க வேற நேரம் வேணும்."

"முருகன் மேல சத்தியமா மொத பஸ்ஸுக்கு நிப்பேன்."

அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன். வேறெதையும் நம்பியிருக்க மாட்டேன். அதை நம்பினேன். அடுப்படியில் இருந்து மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு வந்து, "சாமி மேல சொல்லிட்டாரு. வந்துருவாரு" என்றாள். அவன் மேல் அவளுக்கு இருந்த கோபம் பாதி குறைந்திருந்தது.

காலையில் பனி மூட்டம். பஸ் நிற்கிற ஹோல்டில் நானும் மகளும் நின்றோம். முதல் பஸ் வந்தது. அவன் வீட்டுப் பக்கத்துப் பாதையைப் பார்த்தேன். யாரும் இல்லை. "அடுத்ததுல போவோம், வந்துக்கிட்டிருப்பான்" என்றேன். பஸ் போனது. நான் அவன் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் தட்டினேன். அவன் மனைவி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இருட்டோட கெளம்பிட்டாரு அண்ணே. கலேவெலவுல மைக் செட்டு அப்படியே கெடக்காம். எடுத்துட்டு வரணுமாம்."

"எனக்கு எதாவது சொல்லிட்டுப் போனானா?"

"இல்ல அண்ணே."

திரும்பி வந்தேன். மகள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பென் டிரைவைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். இரண்டாவது பஸ் வந்து நின்றது.

"ஏறுங்கப்பா" என்றாள்.

ஒப்படையை அழகாக அச்செடுத்துக்கொண்டு போனோம். அம்மணி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நாயோடு பேசுகிற பிள்ளையைப் பற்றி எழுதிய தாளில் கொஞ்ச நேரம் நிறுத்தி வாசித்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "அவர் எங்க?" என்று கேட்டார். மகள், வரவில்லை என்றாள். வேறு காரணம் எதையும் சொல்லவில்லை. அவனைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அம்மணி ஒப்படையைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

அடுத்த வருடம் அதையே கொடுத்தாள், சித்தியடைந்தாள். ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் மடுவத்தில் நிரந்தர வேலை வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. மகள் அதன் பிறகு வேறு தோட்டத்துக்கு, இன்னும் தூரத்துக்கு, போக வேண்டி வந்தது.

தம்பி ஏன் வரவில்லை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கோயிலில் எதிரே வருவான். நின்று ஏதோ சொல்லப் பார்ப்பான். நான் திருநீற்றை வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போய்விடுவேன். மனைவி ஒரு நாள் கேட்டாள், என்ன சொல்ல வருகிறான் என்றாவது கேட்கலாமே என்று. கேட்டால் சொல்வான். நல்ல காரணமாகத்தான் சொல்வான், கண்ணில் தண்ணீரோடு சொல்வான். நானும் அதை நம்பிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.